வயிற்றுவலிப் பதிவேடு

அல்தாய் கணவாயைக் கடந்து
ஒன்பது மணி நேரம் ஜீப்பில் குலுங்கி வந்த அதிகாரியே,
முதலில் காலுறையைக் கழற்றி அடுப்பருகே வையுங்கள்.
பிறகு கேளுங்கள் கணக்கை.

அக்டோபரில் நாற்பத்தொரு வயிற்றுவலி.
கொடுத்த மாத்திரை மூன்று.
மீதி முப்பத்தெட்டு எங்கே என்கிறீர்கள்.
நான் தின்னவில்லை.

செவ்வாய்க்கிழமைகளை மட்டும் பாருங்கள்:
ஒன்பது, எட்டு, பத்து, எட்டு.
மற்ற நாளெல்லாம் சேர்த்தே ஆறுதான்.
செவ்வாயன்றுதான் மாவும் டீசலும் வாங்க
மேய்ச்சல்காரர்கள் ஊருக்குள் வருவார்கள்.
விடுதி வேலிக்கம்பியில் முகம் பதித்துப்
பையன்கள் நிற்பார்கள்.
எவனுடைய அப்பா வரவில்லையோ
அவனுக்கு மூன்று மணிக்கு வயிறு வலிக்கும்.

தெமூலெனுக்கு ஏழு வயது.
ஒரு வாரம் தொப்புளுக்கு மேலே காட்டுவான்,
மறுவாரம் கீழே.
இரண்டு இடத்தையும் அழுத்திப் பார்த்து
ம்ம், ஆமாம், என்பேன்.
உப்புப் போட்ட பால் தேநீர் ஒரு கிண்ணம்.
உன் குதிரை என்ன நிறம் என்று கேட்பேன்.
எங்களூரில் குதிரைக்குப் பேர் கிடையாது,
நிறம்தான் பேர்.
நெற்றியில் எப்படி, பிடரியில் எப்படி,
குளம்புக்கு மேலே அந்தச் சாம்பல் எங்கே தொடங்கும்
என்று சொல்லி முடிக்க அவனுக்குக் கால்மணி நேரம் ஆகும்.
அதற்குள் வலி எழுந்து போயிருக்கும்.
இதை நான் எந்தக் கட்டத்தில் எழுத?

ராத்திரி விவகாரத்துக்கு வருவோம்.
கழிப்பறை வெளியே, எண்பது தப்படி.
குளிர், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து.
நாய்கள் உண்டு. விளக்கு இல்லை.
படுக்கை நனைந்தால்
சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்கிறது உங்கள் படிவம்.
சோதித்தேன்.
சிறுநீரகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.
இருட்டுதான் சீக்காளி.

விடிகாலை நாலு மணிக்கு
நானும் கொதிகலன்கார சம்பூவும்
பதினோரு விரிப்புகளை அலசிக் கொடியில் போடுவோம்.
பத்தே நிமிடம், பலகையாகிவிடும்.
மடித்தால் முறியும்.
பையன்கள் கண்விழிக்குமுன்
கதவுகளைச் சுமப்பதுபோலச் சுமந்து
கொதிகலன் அறைக்குள் சாய்த்துவைப்போம்.

ஒருநாள் எர்தெம் பார்த்துவிட்டான்.
பதினாறு வயது, மல்யுத்தக்காரன்,
யாரையும் விட்டுவைக்காத வாய்.
காலைக் கஞ்சிக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்
என்று நினைத்தேன்.
மறுநாள் நாலு மணிக்குக்
கையுறை மாட்டிக்கொண்டு கொடியடியில் நின்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அவனுக்கும் வயிறு வலித்திருக்கும்.

ஒரு பல்பு, ஐயா.
ஒரு பல்பு, நூறு மீட்டர் ஒயர்.
மூன்று வருடமாக இதைத்தான் எழுதுகிறேன்.

*

நீங்கள் போய் நாற்பதாம் நாள் பெட்டி வந்தது.
மேலே என் பெயரில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.
உள்ளே
வயிற்றுவலி மாத்திரை, இருநூறு அட்டை.

சம்பூ இருமல் வரும்வரை சிரித்தார்.
அன்றிரவே
தலைமையாசிரியர் வீட்டு வாசல் பல்பு காணாமல் போனது.
ஒயர் எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.
(இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.)

இப்போது விரிப்புகள் நாலு.
அந்த நாலு வேறு கதை,
அதற்கு வெளிச்சம் போதாது.
எனக்கு அவசரமும் இல்லை.

நேற்று நடுச்சாமத்தில் என் ஜன்னலை யாரோ தட்டினார்கள்.
தெமூலென்.
தனியாக.
காதுவரை தொப்பி, வாயெல்லாம் புகை.
"போயிட்டு வந்துட்டேன் அக்கா."
அவ்வளவுதான் செய்தி. உள்ளே ஓடிவிட்டான்.

பதிவேட்டை எடுத்தேன்.
பெயர், வயது எழுதினேன்.
மருந்து: ஒரு கோடு.
வெப்பநிலைக் கட்டத்தில்
வெளியே இருந்ததை எழுதினேன்:
மைனஸ் முப்பத்தொன்று.